மாற்று குவார்ட்டர்பேக் தடுமாறும் ஞாயிறுகளில் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி

“இவனை முதல்ல வெளிய அனுப்புங்கடா!”

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தச் சத்தம் கேட்டால், அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் வைக்கிங்ஸ் அணிக்கு அன்று மாற்று குவார்ட்டர்பேக் ஆடுகிறார் என்று அடுப்படியில் இருந்தபடியே தெரிந்துகொள்வேன். சத்தம் போடுவது என் கணவர். பல வருடம் நானும் கூடச் சேர்ந்து கத்தியவள்தான். இப்போது கத்துவதில்லை. கையில் ஒரு பழைய தபால் உறையும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுகிறேன். உறையின் பின்பக்கத்தில் நான்கு பத்திகள் போட்டு எழுதிக்கொண்டே பார்த்தால் ஆட்டம் வேறு மாதிரி தெரிகிறது. அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மினசோட்டாவில், ஈகன் என்கிற ஊரில். வைக்கிங்ஸ் அணியின் பயிற்சிக்கூடம் இருப்பதும் இதே ஊரில். என் மகன் பள்ளி அணியில் சென்டர். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் இருக்கும் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுக்கிற வேலை. அப்படிக் கொடுப்பதற்கு ஸ்னாப் என்று பெயர். அதனால் ஊரே குவார்ட்டர்பேக்கைப் பார்க்கும்போது, என் கண் மட்டும் பந்தைக் கொடுக்கிற பையன் மேல் இருக்கும். நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது அங்கிருந்துதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் டவுன். ஒவ்வொன்றிலும் பந்து முதலில் போவது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை முடிக்க அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வினாடி. அவர் காயப்பட்டால் அந்த இடத்துக்கு வருபவர்தான் மாற்று. மற்ற எந்த இடத்திலும் மாற்று ஆள் வந்தால் அணி சமாளித்துவிடும். இங்கே வந்தால் அணி முழுவதும் ஆடிப்போகும்.

ஞாயிறுக்கு முன்னால் புதன்

புதன்கிழமையிலிருந்து அணிகள் காயப் பட்டியல் வெளியிட ஆரம்பிக்கும். யார் முழுதாகப் பயிற்சி செய்தார், யார் பாதி, யார் செய்யவே இல்லை என்று அதில் இருக்கும். மாற்று குவார்ட்டர்பேக் ஆடப்போகிறார் என்றால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த வாரம் முதல் அணியோடு பந்து எறிந்து பழகியது யார்?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாதாரண வாரத்தில், பிரதான குவார்ட்டர்பேக்தான் ஏறக்குறைய எல்லாப் பயிற்சி எறிதல்களையும் எடுத்துக்கொள்வார். மாற்று ஆளின் வேலை, அடுத்து வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்து, தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. சொந்த அணியின் முதல்தர ரிசீவர்களுக்கு, அதாவது பந்தை ஓடிப் பிடிப்பவர்களுக்கு, எறிந்து பழக அவருக்கு நேரம் கிடைப்பது மிகக் குறைவு. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்கிற ஆட்டத்தில், அவர் எத்தனையாவது அடியில் திரும்புவார் என்று கைக்குத் தெரியாமல் எறிவது எவ்வளவு கஷ்டம்!

ஒரு அக்டோபர் மாலை என் மகனின் ஆட்டத்தில் இதை ஐந்தடி தூரத்தில் பார்த்தேன். பிரதான பையனுக்கு மணிக்கட்டு பிசகி, இரண்டாவது பையன் உள்ளே வந்தான். முதல் மூன்று ஸ்னாப்பில் இரண்டு தரையில் விழுந்தன. பெஞ்சுப் பக்கம் நின்ற பெற்றோர் அந்தப் பையன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் கண் கலங்கியது ஹெல்மெட் கம்பிகளுக்குள் தெரிந்தது. ராத்திரி சாப்பிடும்போது என் மகன் சொன்னான்: “அம்மா, அவன் மேல தப்பு இல்ல. அவன் கை எந்த உயரத்துல இருக்கும்னு எனக்குத் தெரியல. பிராக்டிஸ்ல அவனுக்கு வேற சென்டர்தான் எப்பவும்.” இரண்டு மாதப் பயிற்சியில் அந்த இருவரும் ஒருமுறைகூடச் சேர்ந்து பந்தைக் கைமாற்றியதே இல்லை.

மறுநாள் அந்தப் பையனை எங்கள் கராஜுக்கு அழைத்து வந்தான். பந்தின் ஒரு பக்கத்தில் வெள்ளைத் தையல் இருக்கிறதே, அது குவார்ட்டர்பேக்கின் விரல் நுனியில் வந்து உட்காரும்படி சென்டர் பந்தைச் சுழற்றிக் கொடுக்க வேண்டும். சுழற்சி கால் பாகம் கூடினாலும் விரல் தோலில் வழுக்கும். பந்தைக் கேட்டு குவார்ட்டர்பேக் கொடுக்கும் குரல்தான் “ஹட்”. ஒரு மணி நேரம், “ஹட்”, டப். “ஹட்”, டப் என்று அந்தச் சத்தம்தான் வீடு முழுக்க. கடைசியில் பையன் கையைப் பார்க்காமலே தையலைப் பிடிக்க ஆரம்பித்தான்.

இப்போது பெரியவர்களின் ஆட்டத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 29, கிரீன் பே ஆட்டத்தில் வைக்கிங்ஸின் கிர்க் கசின்ஸுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஆட்டத்தை ஜெயித்து 4-4 (நான்கு வெற்றி, நான்கு தோல்வி) என்று நின்றோம், ஆனால் குவார்ட்டர்பேக் இல்லை. அனுபவமுள்ள மாற்று ஆளான நிக் மல்லன்ஸும் காயப் பட்டியலில். இரண்டு நாளில் அரிசோனாவிலிருந்து ஜோஷுவா டாப்ஸை வாங்கினார்கள். விண்வெளிப் பொறியியல் படித்தவர், பல அணிகளுக்கு மாறி மாறிப் போனவர். நவம்பர் 5 அட்லாண்டாவில் புதுப் பையன் ஜேரன் ஹால்தான் ஆட்டத்தைத் தொடங்கினார். முதல் கால் பகுதியிலேயே அவருக்குத் தலையில் அடி. ஊருக்கு வந்து ஐந்தே நாளான டாப்ஸ், முதல் அணியோடு ஒரு ஸ்னாப்கூட எடுக்காதவர், உள்ளே போக வேண்டியதாயிற்று. சென்டர் கேரெட் பிராட்பரியிடம் மைதான ஓரத்தில் அவசர அவசரமாகப் பந்து வாங்கிப் பழகினார். அதைப் பார்த்து என் மகன் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குத் தெரியும் அங்கே என்ன நடக்கிறது என்று.

ஆக, மாற்று ஆள் உள்ளே வந்ததும் முதல் ஐந்தாறு ஸ்னாப்புகளுக்கு சென்டரை மட்டும் பாருங்கள். பந்து நெஞ்சுக்கு நேரே வருகிறதா, முழங்காலுக்கு வருகிறதா? சென்டரோடு வரிசையாக நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன் ஆட்கள் யாராவது முந்தி அசைந்து ஐந்து கஜம் தண்டனை வாங்குகிறார்களா? புதுக் குரலின் தாளம் அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதற்கு அது அடையாளம்.

முதல் பத்தி: கடிகாரம்

ஒரு டவுன் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 வினாடி. தொலைக்காட்சியில் ஸ்கோர் பட்டையில், ஆட்ட நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன எண்ணாக ஓடும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் பேச முடியும், ஆனால் கடிகாரம் 15-க்கு வந்ததும் இணைப்பு அறுந்துவிடும். அதற்குமேல் அவர் தனி ஆள்.

கூடிப் பேசிவிட்டு ஆட்கள் கலைந்து வரிசைக்கு வரும்போது கடிகாரம் எந்த எண்ணில் இருக்கிறதோ, அதை உறையில் எழுதுங்கள். 15-க்கு மேல் என்றால் நல்லது: எதிரணி எப்படி நிற்கிறது என்று பயிற்சியாளரும் சேர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியும். பத்து, பன்னிரண்டு என்றால் சமாளிக்கலாம். ஐந்து, நான்கு என்று வரிசையாக விழுந்தால், அவர் எதையுமே பார்க்காமல் பந்தை வாங்குகிறார் என்று அர்த்தம். அடுத்து வரப்போகும் தவறுக்கு விதை அங்கே விழுந்துவிட்டது.

அட்லாண்டாவில் பயிற்சியாளர் கெவின் ஓகானல், 15 வரைக்கும் டாப்ஸின் காதில் பேசிக்கொண்டே இருந்தார். யார் எங்கே ஓடுவார்கள் என்பதைக்கூடச் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் தடுமாற்றம்தான், தன் எல்லைக்குள்ளேயே காலெஸ் கேம்பெலிடம் பிடிபட்டு எதிரணிக்கு இரண்டு புள்ளி கொடுத்தார். ஆனால் கடைசியில், 28-24 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது டவுனில் ஏழு கஜம் தேவைப்பட்ட இடத்தில் 22 கஜம் ஓடினார். 22 வினாடி மிச்சம் இருக்கையில் பிராண்டன் பவலுக்கு எறிந்து டச் டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது. 31-28. அன்றைக்குக் காலையில்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தோம். வீட்டில் யாருக்கும் மணி என்னவென்றே தெரியாமல் கத்திக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பத்தி: மூன்றாவது டவுனின் தூரம்

மூன்றாவது டவுன் வரும்போதெல்லாம் இன்னும் எத்தனை கஜம் வேண்டும் என்பதை எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம், அந்த எண் மட்டும். 2, 3, 4 என்று இருந்தால் எதிரணிக்கு ஓட்டமா எறிதலா என்று தெரியாது. 9, 11, 14 என்று இருந்தால் எறிதல்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எதிரணி ஐந்து ஆறு பேரை நேரே அவர் மேல் ஏவிவிடும். அனுபவசாலிக்கே அது நரகம்.

இந்தப் பத்தி பெரிய எண்களாக நிரம்பினால், குற்றம் முதல் டவுனிலும் இரண்டாவது டவுனிலும் தேடுங்கள். ஓட்டக்காரருக்கு லைன் வழி திறக்கிறதா? தண்டனையில் கஜங்கள் போகின்றனவா? குவார்ட்டர்பேக் அந்தக் குழியைத் தோண்டவில்லை. அவரை அதில் இறக்கி விட்டிருக்கிறார்கள்.

என் கணவரிடம் ஒருமுறை பாதி ஆட்டத்தில் இந்தப் பத்தியைக் காட்டினேன். “ஏங்க, இதைப் பாருங்க, ஆறு தடவைல அஞ்சு தடவை எட்டுக்கு மேல.” கொஞ்ச நேரம் பேசாமல் உறையைப் பார்த்தார். அதன் பிறகு அவர் கத்தியது லைனைப் பார்த்து.

மூன்றாவது பத்தி: கைத்தாளம்

ஸ்னாப் ஆனதும் தொடையில் தட்டி ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுங்கள். ரெண்டரை வாக்கில் பந்து கையை விட்டுப் போனால் சரி. மூன்றைத் தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால், உடனே அவர் தலையைப் பாருங்கள். தலை இடமிருந்து வலமாக நகர்கிறதா, ஒரே ஆளை முறைத்துக்கொண்டிருக்கிறதா? ஒரே ஆளைப் பார்த்தால், எதிரணியின் பின்வரிசையும் அவர் கண்ணைப் படித்து அதே இடத்துக்கு ஓடும். இது அவர் தவறுதான், சந்தேகமில்லாமல். ஒன்று எண்ணுவதற்குள் எதிரணி ஆள் அவர் மார்பில் நின்றால், அது லைனின் கணக்கு.

நான்காவது பத்தி: பறிபோன பந்து

எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வதுதான் இன்டர்செப்ஷன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: கண், கை, நெருக்கடி, ரிசீவர். கண் என்றால் அங்கே நிற்கும் எதிரணி ஆளைப் பார்க்காமல் எறிந்தது. கை என்றால் குறி தவறியது. நெருக்கடி என்றால் எறியும்போதே மேலே விழுந்துவிட்டார்கள். ரிசீவர் என்றால் பந்து சரியாக வந்தும் அவர் கையில் பட்டு எகிறியது, அல்லது அவர் ஓடிய பாதை தப்பு. கணக்குப் புத்தகத்தில் நான்கும் ஒரே ஆள் பெயரில்தான் ஏறும். உங்கள் உறையில் அப்படி ஏற்றாதீர்கள்.

அந்தப் பந்தால் எதிரணிக்கு எத்தனை புள்ளி போனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 2023 நவம்பர் 27, திங்கள் ராத்திரி சிகாகோ பேர்ஸ் ஆட்டத்துக்கு மகனோடு போயிருந்தேன். டாப்ஸ் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். கூரை மூடிய மைதானம். ஏமாற்றச் சத்தம் வெளியே போக வழியில்லாமல் தலைக்கு மேலேயே சுற்றும். நான்காவது பந்து போனபோது என் மகன் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அன்று பேர்ஸ் ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை! கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் நான்கே, மொத்தம் 12 புள்ளி. அத்தனைக்குப் பிறகும் டாப்ஸ் டி.ஜே. ஹாக்கன்சனுக்கு ஒரு டச் டவுன் எறிந்து 10-9 என்று முன்னால் கொண்டுவந்தார். 10 வினாடி மிச்சம் இருக்கும்போது கெய்ரோ சான்டோஸ் உதைத்த ஃபீல்டு கோலில் 12-10 என்று தோற்றோம். அந்த ராத்திரி தடுப்பாட்டக்காரர்கள் ஆடிய ஆட்டத்தை யாரும் பேசவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

முதல் இரண்டு ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்

எனக்கு இது புரிய ரொம்ப நாள் ஆயிற்று. மாற்று ஆள் முதல் ஆட்டத்தில் ஜொலிப்பதற்கு ஒரு காரணம், எதிரணி அவருக்காகத் தயாராகவில்லை என்பது. அட்லாண்டா அந்த வாரம் தயாரானது ஜேரன் ஹாலுக்கு. டாப்ஸ் புது அணியில் எப்படி ஆடுவார் என்று பார்க்க ஒரு நிமிட வீடியோகூட அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் அந்த வீடியோ கூடிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் ஓட விரும்புகிறார், நெருக்கினால் யாரைத் தேடுகிறார் என்று அடுத்த அணி அலசி எடுத்துவிடும்.

டாப்ஸின் ஐந்து ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அட்லாண்டா, வெற்றி. நியூ ஆர்லியன்ஸ், 27-19 வெற்றி. டென்வர், 21-20 தோல்வி. சிகாகோ, 12-10 தோல்வி. லாஸ் வேகஸில் 23 எறிதலில் 10 சேர்ந்தது, 63 கஜம். அவரை உட்காரவைத்து மல்லன்ஸை இறக்கி, ஒரே ஒரு ஃபீல்டு கோலில் 3-0 என்று ஜெயித்தோம். அந்த ஐந்தில் முதல் நான்கிலும் அணியின் மிகச் சிறந்த ரிசீவரான ஜஸ்டின் ஜெஃபர்சன் தொடைத் தசைக் காயத்தால் ஆடவே இல்லை. ஐந்தாவதில் திரும்பி வந்தவர் மார்பில் அடிபட்டு நடுவிலேயே வெளியேறினார். இதையும் உறையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே ஒரு மாற்று ஆளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் நான்காவது ஆட்டம்வரை காத்திருப்பேன். எதிரணிகள் அவரைப் படித்து முடித்த பிறகு அவர் புதிதாக என்ன கொண்டுவருகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

ஃபோல்ஸை எல்லோர் தலையிலும் வைக்காதீர்கள்

எந்த மாற்று ஆள் தடுமாறினாலும் யாராவது ஒருவர் நிக் ஃபோல்ஸ் பெயரை எடுப்பார். 2017 டிசம்பரில் பிலடெல்பியாவின் கார்சன் வென்ட்ஸ் முழங்கால் காயத்தில் போக, ஃபோல்ஸ் வந்து, 2018 பிப்ரவரி 4 அன்று நியூ இங்கிலாந்தை 41-33 என்று ஜெயித்து, பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வாங்கிக் கொடுத்தார். அதுவும் எங்கள் மினியாபொலிஸ் மைதானத்திலேயே. ஆனால் வென்ட்ஸ் விழுந்த அன்றைய ஆட்டம் முடிந்தபோது பிலடெல்பியா 11-2. ஃபோல்ஸ் கையில் கொடுக்கப்பட்டது பலமான லைனும் பலமான தடுப்பும் உள்ள அணி. அப்படியிருந்தும் வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டாலஸிடம் 6-0 என்று தோற்றார்கள். அந்த ராத்திரி பிலடெல்பியா வீடுகளிலும் யாரோ “வெளிய அனுப்புங்க” என்று கத்தியிருப்பார்கள்.

அதே பருவத்தில் எங்களுக்கும் மாற்று ஆள்தான், கேஸ் கீனம். அணி 13-3 என்று முடித்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகக் கடைசி எறிதலில் ஸ்டெஃபான் டிக்ஸுக்கு 61 கஜ டச் டவுன், அன்று அழுதேன். அடுத்த வாரமே பிலடெல்பியாவில் 38-7. இரண்டு அணிக்கும் மாற்று ஆள்தான், ஒருவருக்கு வாய்த்தது, ஒருவருக்கு இல்லை.

ஒரே மனிதருக்கே வருடத்துக்கு வருடம் மாறும். ஜேக் பிரவுனிங்கை வைக்கிங்ஸ் வேண்டாம் என்று விட்டது. 2023 டிசம்பரில் சின்சினாட்டியின் மாற்று ஆளாக வந்து கூடுதல் நேரத்தில் எங்களை 27-24 என்று தோற்கடித்தார். 2025-இல் ஜோ பரோவின் கால் விரல் காயத்தால் மறுபடி அவருக்கு இடம் கிடைத்தது. செப்டம்பர் 21 அன்று எங்கள் மைதானத்துக்கு வந்தபோது 48-10 தோல்வி. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதும் சின்சினாட்டி 40 வயது ஜோ ஃபிளாக்கோவை வாங்கிவிட்டது. அந்த 48-10 அன்று எங்களுக்கு ஆடியவரும் மாற்று ஆள்தான்: அதே கார்சன் வென்ட்ஸ்.

மாற்றச் சொல்வது எப்போது

உறையின் மூன்றாவது பத்தியிலும் நான்காவதிலும் குறை மறுபடி மறுபடி கண்ணிலும் கையிலும் விழுந்து, கடிகாரமும் தூரமும் நன்றாக இருந்தால், அப்போது மாற்றச் சொல்லலாம். நானும் சொல்வேன். லாஸ் வேகஸில் டாப்ஸை உட்காரவைத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கடிகாரம், தூரம் இரண்டும் மோசமாக இருக்கும்போது ஆளை மாற்றினால் அடுத்தவரும் அதே குழியில்தான் விழுவார். 2023-இல் நான்கு பேர் எங்களுக்காக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மல்லன்ஸ் டெட்ராய்ட்டுக்கு எதிராக 411 கஜம் எறிந்தார், நான்கு இன்டர்செப்ஷனும் கொடுத்தார். கடைசி நான்கும் தோற்று 7-10 என்று முடிந்தது. ஒவ்வொரு தடவையும் பிராட்பரிக்குப் பின்னால் புதுக் கை, புதுக் குரல். சென்டரின் அம்மாவாக எனக்கு அதுதான் முதலில் தெரிந்தது.

ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்னால் வரும் ஆடாதோர் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது குவார்ட்டர்பேக் அவசரத்துக்கு என்று குறிக்கப்பட்டிருப்பார். முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றத்தாலோ போனால் மட்டும் அவர் வரலாம். ஆட்டம் பிடிக்கவில்லை என்று இறக்க முடியாது. 2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டிக்கு முழங்கையிலும், அடுத்து வந்த ஜோஷ் ஜான்சனுக்குத் தலையிலும் அடிபட்டு, எறிய முடியாத பர்டியே திரும்ப வந்து நிற்க வேண்டியதான பிறகு வந்த விதி அது.

அடுத்த முறை மாற்று ஆள் உள்ளே வரும்போது புது உறை எடுங்கள். பழையதில் மிச்ச இடம் இருந்தாலும் அதில் எழுதாதீர்கள். மேலே தேதி, எதிரணி, சென்டரின் பெயர், பிறகு குவார்ட்டர்பேக்கின் பெயர். எங்கள் வீட்டில் அந்த வரிசையில்தான் எழுதுகிறோம். இப்போது உறையை எடுத்துத் தருவது என் கணவர்.